குழு ஆறில் ஆறு பேர்

3.9.2007, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் 6.50 வண்டியைக் கோட்டை விட்டேன். அடுத்ததில் சாத்தூர் வரை நின்றுகொண்டே. அங்கிருந்து டவுன் பஸ். அச்சங்குளம் போகிற ரோட்டில் இறங்கி, பட்டாசுக் கம்பெனி வேலி ஓரமாகப் பத்து நிமிட நடை. வலது முட்டி விண் விண்ணென்று தெறிக்கிறது.

இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வாரம். பதினேழு வருஷம் விருதுநகர் டவுனுக்குள்ளேயே வேலை பார்த்தவளை ‘உபரி ஆசிரியர்’ என்று சொல்லி இங்கே தூக்கிப் போட்டார்கள். உபரியாம். என்ன ஒரு சொல்! மகள் சுதா இந்த வருஷம் பிளஸ் டூ. அவள் எழுந்திருக்கும்போது நான் வீட்டில் இல்லை.

எட்டாம் வகுப்பு என் பொறுப்பு. 54 பேர். இன்னும் பாதி முகம் மனதில் ஏறவில்லை. போன வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குக் குழுச் செயல்பாடு மூலமாக ஒத்துழைப்பைக் கற்றுத்தர வேண்டுமாம். பயிற்சி கொடுத்த மனுஷர் சாக்பீஸைத் தொட்டுப் பத்து வருஷமாவது இருக்கும். சரி, சொன்னால் செய்ய வேண்டியதுதானே. இன்று ஆறு ஆறு பேராகப் பிரித்தேன். ஒன்பது குழு.

விதிகள் (கரும்பலகையில் எழுதிப் போட்டது):
– வருகையைக் குழுத் தலைவர்தான் சொல்ல வேண்டும்.
– ஆறு பேரும் வந்திருந்தால் சுவரில் அந்தக் குழுவுக்கு ஒரு நட்சத்திரம்.
– ஒரு ஆள் குறைந்தாலும் நட்சத்திரம் கிடையாது.

பொறுப்புணர்வு வளரும் என்று பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. 54 பெயரைக் கூப்பிடுகிற தொண்டைத் தண்ணீர் எனக்கு மிச்சம் என்பதுதான் நிஜம்.

கு-6 பெண் பிள்ளைகள். தலைவி பாண்டிச்செல்வி, வாயாடி. “அஞ்சு பேர்தான் டீச்சர். மாரீஸ்வரி வரலை. மேலுக்குச் சரியில்ல.” நட்சத்திரம் இல்லை என்றேன். ஐந்து முகமும் சுருங்கிப்போனது.

5.9.2007, புதன்

ஆசிரியர் தினம். ஒரு பேனா, இரண்டு ரோஜாப்பூ, ஒரு சாக்லேட். சாக்லேட் உருகிப் பையில் ஒட்டிக்கொண்டது.

கு-6: “ஆறு பேரும் இருக்கோம் டீச்சர்!” பாண்டிச்செல்வி குரலில் கொட்டம். எண்ணினேன், ஆறு. புதிதாக வந்தவள் ஒல்லி, நெட்டை. “மாரீஸ்வரியா? மேலுக்குத் தேவலையா?” என்றேன். அவள் பாண்டிச்செல்வியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். நட்சத்திரம் ஒட்டினேன்.

கேஸ் சிலிண்டர் பதிய மறந்துவிட்டேன். நாளை கட்டாயம்.

18.9.2007, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இல்லை.

செயல்பாடு: பழைய பேப்பர், கொஞ்சம் பசை, அரை மணி நேரம். எந்தக் குழுவின் கோபுரம் உயரமாக, விழாமல் நிற்கிறது?

கு-3 பையன்கள் ஐந்தே நிமிடத்தில் சண்டை. “ஏலே, நீ தள்ளுலே, நான்தான் ஒட்டுவேன்.” “ஒட்டிக் கிழிச்ச!” பசை ஒருவன் தலையில். கு-8 பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தது, சினிமாப் பக்கம்.

கு-6 மட்டும் சத்தமே இல்லை. மாரீஸ்வரி இரண்டு கையையும் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். வாய் மட்டும் வேலை செய்கிறது. “இறுக்கிச் சுருட்டு பிள்ளே, தொளதொளன்னு விடாத. செல்வி, நீ ஓரம் மட்டும் ஒட்டு. அதை இங்கிட்டுத் தா. அவ சுருட்டி முடிக்கிறதுக்குள்ள நீ அடுத்ததை எடுத்து வை.” ஒருத்தி கை ஓய்வதற்கு முன்னால் இன்னொருத்தி கை வந்துவிடுகிறது. அரை மணி வேலை பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. கோபுரம் ஜன்னல் கம்பி உயரம். ஊதிப் பார்த்தேன், அசையவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்: ‘மாரீஸ்வரி. தலைமைப் பண்பு. தான் கைவைக்காமல் பிறரைச் செய்யவைக்கும் திறன்.’ எனக்கே திருப்தியாக இருந்தது. இந்த ஊருக்கு வந்து முதல் முறை.

9.10.2007, செவ்வாய்

காலாண்டு விடைத்தாள் திருத்தி முடித்தேன். கழுத்து வலி. மாரீஸ்வரி வகுப்பில் முதல். அறிவியலில் யாரும் தொடாத கேள்வியைத் தொட்டிருக்கிறாள். பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறாள். ஏன் என்றேன். “வேர்க்குது டீச்சர்.” இந்த ஊரில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை.

தலைமை ஆசிரியரிடம் தாள்களைக் காட்டினேன். நல்ல மனுஷர், சாத்தூர்க்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். மாரீஸ்வரி பெயரைப் பார்த்ததும் சிரித்தார். “பரவால்லையே” என்றார். எதற்குச் சிரிப்பு? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

17.10.2007, புதன்

லேசான தூறல். மண்வாசனை கொஞ்சம், கம்பெனி மருந்து வாசனை நிறைய.

விருதுநகரிலிருந்து ஆபீசர் வந்தார், குழு முறையைப் பார்வையிட. வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். வாசிப்புச் செயல்பாடு கொடுத்திருந்தேன்: ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பத்தி, சேர்த்தால்தான் முழுப்பாடம். கு-6 பக்கம் போய் நின்றார். “ஒத்துழைப்புன்னா என்னம்மா?” என்று மாரீஸ்வரியைக் கேட்டார். நான் அதற்கு விடை எழுதிப்போடவில்லை.

அவள் எழுந்தாள். “ஒரு ஆளு வர முடியலைன்னா அவ இடம் போயிராம இன்னொரு ஆளு பாத்துக்கிறது சார்.”

மனுஷர் அசந்துவிட்டார். “புத்தகத்துல கூட இப்படி இல்லையே” என்று டைரியில் எழுதிக்கொண்டார். அவள் பெயரையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்து சொன்னது: “மேடம், பயிற்சி மையத்துல ஒரு இடம் காலியா இருக்கு. விருதுநகர்லதான். உங்களை மாதிரி ஆள் வேணும். தீபாவளி கழிச்சு ஒரு படம் எடுத்துருவோம். இதே குழு, இதே பிள்ளை. அதை வச்சு உங்களுக்கு ஆர்டர் போடச் சொல்லிரலாம்.”

வீட்டிலிருந்து மையம் நடந்து போகிற தூரம். சுதாவுக்குக் காலையில் காபி போட்டுக் கொடுக்கலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

8.11.2007, வியாழன்

தீபாவளி. விடியற்காலையிலிருந்து மழை. இட்லி, கறிக்குழம்பு. சுதா வாங்கி வைத்த சரம் நமத்துப்போய் பாதியில் நின்றுவிட்டது. இவர் மிளகாய்க் கமிஷன் கடை நண்பர்களோடு சீட்டு. தெரு முழுக்க நனைந்த காகிதம். நன்றாகத் தூங்கினேன்.

12.11.2007, திங்கள்

இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. “ஆறு பேரும் இருக்கோம் டீச்சர்.” எண்ணினேன், ஆறு. ஆனால் மாரீஸ்வரி இடத்தில் வேறு ஒரு பிள்ளை. குட்டை, உருண்டை முகம், நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி அப்பியிருக்கிறது.

“யாரு நீ?”

“மாரீஸ்வரி டீச்சர்.”

“எந்த மாரீஸ்வரி?”

“எட்டாவது மாரீஸ்வரி.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. 53 பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

பாண்டிச்செல்வி எழுந்து, கணக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். “இவதான் டீச்சர் மாரீஸ்வரி. இம்புட்டு நாளா வந்தது ராக்கம்மா. இவளுக்குப் பெரியம்மா மக. ராக்கு ஏழாவதோட நின்னுட்டா, கம்பெனிக்குப் போவா. இந்த சீசன்ல மருந்து ஒத்துக்காம அவ கையெல்லாம் உரிஞ்சு போச்சு. சீசன்ல ஆளு வரலைன்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாக. அதனால மாரீஸ்வரி அங்க போனா. இவ இங்க வரலைன்னா நீங்க பேரை அடிச்சிருவீக. அதனால ராக்கு இங்க வந்தா. இப்ப சீசன் முடிஞ்சிருச்சு, மாத்திக்கிட்டாக.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீங்கதான டீச்சர் சொன்னீக, ஒரு ஆளு குறைஞ்சாலும் நட்சத்திரம் கிடையாதுன்னு.”

கையைப் பாவாடைக்குள் வைத்திருந்தது. பேனாவில் துணி. தலைமைப் பண்பு! எழுதினேனே, வெட்கங்கெட்டவள், குறிப்பேட்டில் கொட்டை எழுத்தில் எழுதினேனே.

அந்தக் கோபத்தை யார் மேல் காட்டினேன்? வந்த பிள்ளை மேல். அவள் பெயர் போட்ட கட்டுரை நோட்டைக் கையில் கொடுத்து, “நீ எழுதினதுதானே, படி” என்றேன். அவளுக்கு அந்தக் கையெழுத்து பிடிபடவில்லை. மூன்று வரி தாண்டுவதற்குள் நாலு இடத்தில் நின்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

13.11.2007, செவ்வாய்

த.ஆ.விடம் சொன்னேன். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுல்ல நெனச்சேன்” என்றார். அடப்பாவி மனுஷா.

அவருக்கு முதல் நாளே தெரியும். “பேர் அடிச்சா எண்ணிக்கை குறையும் டீச்சர். எண்ணிக்கை குறைஞ்சா ஒரு போஸ்ட் உபரி. கடைசியா வந்தது நீங்க. நீங்கதான் போகணும்.” ஆக எனக்காகத்தான் பேசாமல் இருந்தாராம்.

ராக்கம்மாளை அவள் பெயரிலேயே சேர்க்க முடியுமா என்று கேட்டேன். “தாராளமா. ஏழாவது வரைக்கும் இங்கனதான படிச்சா, ரெக்கார்டு எங்கிட்ட இருக்கு. ஒரு பிள்ளை கூடுனா நமக்கு நல்லதுதான். ஆனா ஆபீசர்கிட்ட நீங்க சொல்லிரணும், அன்னைக்குப் பார்த்தது மாரீஸ்வரி இல்லைன்னு. நான் சொல்ல மாட்டேன்.”

படம் எடுக்கிற தேதி 22. சொன்னால் படம் கிடையாது. படம் இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது.

“படம் முடியட்டும் சார். அப்புறம் சேர்த்துக்கலாம்” என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் காறித் துப்பினார். சளி பிடித்திருக்கிறது அவருக்கு.

14.11.2007, புதன்

குழந்தைகள் தினம். மிட்டாய். பேச்சுப்போட்டி, கு-1 பையன் பாதியில் மறந்து அழுதான்.

பள்ளி விட்டு ராக்கம்மாள் வீட்டுக்குப் போனேன். பாண்டிச்செல்வி வழி காட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓட்டு வீடு. ராக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரியே. அவள் அம்மா பதறிப்போய், “பிள்ளை மேல தப்பில்ல டீச்சர். நாங்கதான் அனுப்புனோம். கையக் காட்டு பிள்ளே” என்றாள்.

காட்டினாள். உள்ளங்கை முழுக்கப் புதுத்தோல், சிவப்பாக, ரேகையே இல்லாமல். விரல் இடுக்கில் இன்னும் வெடிப்பு. இந்தக் கையோடு காலாண்டுத் தேர்வில் அறிவியல் ஐந்து பக்கம் எழுதினாள். பார்க்க முடியவில்லை. காபி குடித்தேன்.

“டீச்சர், நான் என் பேர்ல வரட்டுமா?” என்றாள் ராக்கு.

அவ்வளவுதான் கேட்டாள். அம்மா குறுக்கே வந்தாள். “கார்த்திகை தீபம் கழிஞ்சு கம்பெனி திறப்பாக டீச்சர். திறந்த அன்னைக்கே பேர் குடுக்கணும், இல்லாட்டி அடுத்த சீசனுக்குத்தான். அதுக்குள்ள நீங்க சேத்துட்டீகன்னா படிக்கட்டும். இவுக அப்பாகிட்ட நான் பேசிக்கிருதேன். சேக்க முடியாதுன்னாலும் முன்கூட்டியே சொல்லிருங்க.”

சேர்த்துவிடுகிறேன் என்றேன். 22ஆம் தேதி ஒரு நாள் மட்டும் பழையபடி மாரீஸ்வரியாக வந்து உட்கார வேண்டும், மறு வாரமே சொந்தப் பெயரில் சேர்க்கிறேன் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. “சரி டீச்சர்” என்றாள். என் பேச்சை அப்படியே நம்பிவிட்டாள்.

21.11.2007, புதன்

மழை இல்லை, மூட்டம். சுதாவுக்கு இருமல். கஷாயம் வைக்க ஓமவல்லி கேட்டிருக்கிறேன், எதிர் வீட்டில்.

மாரீஸ்வரியை மத்தியானம் தனியாகக் கூப்பிட்டேன். “நாளைக்கு ஒரு நாள் நீ வர வேண்டாம்மா.”

“ஏன் டீச்சர்?”

“படம் எடுக்க வாராங்க.”

“நான் பின்னால நிக்கிறேன் டீச்சர். பேச மாட்டேன்.”

“குழுவுல ஆறு பேர்தான் இருக்கணும்.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு மேல் கம்பெனியில் அக்கா இடத்தைக் காப்பாற்றிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வந்த பிள்ளை. பத்து நாளாக நானும் வகுப்பும் அவளை மட்டம்தட்டிக்கொண்டிருக்கிறோம். “ராக்குன்னா இதைச் சொல்லியிருப்பா” என்று நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அவள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மணி இரண்டரைதான். தடுக்கவில்லை.

22.11.2007, வியாழன்

படம் எடுத்தாகிவிட்டது.

வந்தவர்கள்: ஆபீசர், கேமராக்காரர், விளக்குப் பிடிக்கிற ஒருவர். வகுப்பைக் கழுவிக் கோலம் போட்டிருந்தோம். ராக்கு தலைக்குக் குளித்து, ரெட்டைச்சடை மடித்துக் கட்டி, கனகாம்பரம் வைத்து வந்திருந்தாள். கையில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள், வெடிப்பு தெரியக் கூடாதாம்.

கேமராக்காரர்: “பேர் சொல்லும்மா.”

ராக்கு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

“என் பேரு மாரீஸ்வரி.”

வெளியே ஆட்டுக்கூட்டம் கத்தியது. இன்னொரு முறை. விளக்கு அணைந்துவிட்டது. இன்னொரு முறை. மூன்று தடவை சொல்ல வைத்தார்கள். மூன்றாவது தடவை சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

ஆபீசர் போகும்போது என் கையைக் குலுக்கினார். “டிசம்பர்ல ஆர்டர் வந்துரும் மேடம்.” த.ஆ. எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். ராக்கு தன் வடையைத் தாளில் மடித்து எடுத்துப் போனாள். யாருக்கு என்று கேட்டேன். “மாரிக்கு.”

26.11.2007, திங்கள்

மாரீஸ்வரி வரவில்லை. மூன்றாவது நாளாக. பாண்டிச்செல்வியைக் கேட்டேன். “‘டீச்சருக்கு ராக்குதான் வேணும், நான் எதுக்கு’ங்குறா டீச்சர்.” முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ராக்குவும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா நல்ல சேலை கட்டி, வெற்றிலை பாக்கு பழத்தோடு. பள்ளியில் சேர்க்க வருகிறார்கள் அல்லவா. வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு த.ஆ. அறைக்குப் போனேன்.

“இப்ப முடியாது டீச்சர்” என்றார்.

“நீங்கதானே சார் சேர்க்கலாம்னு சொன்னீங்க?”

“சொன்னேன். அன்னைக்குச் சேத்திருந்தா ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும். இப்ப முகமும் பேரும் படத்துல ஏறிப்போச்சு. அந்தப் படம் ஊரு ஊராப் போகும். நாளைக்கு எவனாவது வந்து, ‘படத்துல மாரீஸ்வரி, பதிவேட்டுல ராக்கம்மாவா?’ன்னு கேட்டா யாரு பதில் சொல்ல? நீங்க விருதுநகருக்குப் போயிருவீக. நான் இங்கன இருக்கணும். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு.”

“ஆபீசர்கிட்ட சொல்லிட்டா?”

“சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.” போனை என் பக்கம் நகர்த்தினார். நம்பரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தார். மனுஷர் கோபப்படவே இல்லை.

போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் என்ன ஆகும்? படம் குப்பைக்குப் போகும். ஆர்டர் போகும். விளக்கம் கேட்டு மெமோ வரும். காலை 6.50 பஸ், முட்டி, சுதா எழுந்திருக்கும்போது காலியான அடுப்படி, எல்லாம் தொடரும். அவ்வளவுதான். யாரும் செத்துவிட மாட்டார்கள். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

நாலே காலுக்கு எழுந்து வெளியே வந்தேன். “இந்த வருஷம் முடியாதாம். ஜூன்ல பார்ப்போம்மா” என்றேன்.

ராக்கு கேட்டாள்: “ஜூன்ல நீங்க இருப்பீகளா டீச்சர்?”

பதில் சொல்வதற்குள் அவள் அம்மா எழுந்துவிட்டாள். “வா பிள்ளே.” சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். வாழைப்பழத்தைப் பியூன் எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் ஜன்னலைச் சாத்தினாள், தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து.

3.12.2007, திங்கள்

கம்பெனிகள் திறந்துவிட்டன. காலையில் ரோட்டில் இறங்கி நடக்கும்போது எதிரே கம்பெனி வேன். பள்ளத்தில் மெதுவாக இறங்கி ஏறியது. உள்ளே பொம்பளைகள் நெருக்கியடித்து. ஜன்னல் ஓரம் ராக்கு. அவள் தோளில் சாய்ந்து தூக்கக் கலக்கத்தில் மாரீஸ்வரி.

மாரீஸ்வரியுமா! அவளுக்கென்று ஒரு இடம் இருந்ததே. பேர் இருந்ததே. ராக்குவை உள்ளே விடவும் இல்லை, இவளைத் தக்கவைக்கவும் இல்லை. ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகளை அனுப்பிவைத்திருக்கிறேன், வேனில் ஏற்றாத குறை.

ராக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் கையைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது. “அந்தா, எங்க டீச்சர்.”

வகுப்பு. பாண்டிச்செல்வி: “அஞ்சு பேர் டீச்சர். மாரி இனிமே வர மாட்டா.” அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவி செய்கிற குரலில் கேட்டாள்: “வேற ஆளு வேணுமா டீச்சர்? கூட்டியாரவா?”

த.ஆ. சொன்னார், மாரீஸ்வரி பெயர் இருக்கட்டும், வருகை போட்டுவிடுங்கள் என்று. போட்டேன். என் பேனா, என் கை.

அடுத்த வேலையாகச் சுவரிலிருந்த நட்சத்திரங்களைப் பிய்த்தேன், ஒன்பது குழுவுக்கும். கு-3 பையன்கள் அழாத குறை. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று தெரியவில்லை.

17.12.2007, திங்கள்

ஆர்டர் வந்துவிட்டது. பயிற்சி மையம், விருதுநகர். ஜனவரி முதல்.

இவர் அல்வா வாங்கி வந்தார். சுதா கட்டிப்பிடித்தாள். “அம்மா, இனிமே காலையில நீ இருப்ப!” சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

21.12.2007, வெள்ளி

கடைசி நாள். குழுக் குழுவாக வந்து காலில் விழுந்தார்கள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. கு-6 வரவில்லை. பாண்டிச்செல்வி தூரத்தில் தண்ணீர்க் குழாயடியில் நின்று தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஒரு சட்டியைக் கழுவ எம்புட்டு நேரம்!

ராக்கு வீட்டுக்குப் போகலாம் என்று தண்ணீர்த் தொட்டி வரை போனேன். கதவு பூட்டியிருந்தது. வேலை நேரம். தெரிந்துதான் அந்த நேரத்தில் போனேன்.

8.1.2008, செவ்வாய்

நல்ல பனி. மையத்துக்கு நடந்தே போனேன், பன்னிரண்டு நிமிடம். மிளகாய் மண்டித் தெருவைச் சுற்றிப் போனால் தும்மல் இல்லை.

முதல் வகுப்பு. நாற்பது ஆசிரியர்கள், பாதிப் பேர் என்னை மாதிரியே பஸ்ஸில் நின்று வந்தவர்கள். தலைப்பு: ஒத்துழைப்பை வளர்த்தல். காலை 11 மணிக்குப் படம் போட்டார்கள். வகுப்பறை, கோலம், கனகாம்பரம். என் பேரு மாரீஸ்வரி. சிரிப்பு. அப்புறம் ஒத்துழைப்பு பற்றிய அந்தப் பதில், முழுசாக. நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

பொங்கலுக்கு முன்னால் தேர்வுத்தாள் கட்டு வரும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். திருச்சுழிப் பக்கத்திலிருந்து வந்த சின்ன வயது டீச்சர் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அந்தப் பிள்ளை இப்ப எப்படிப் படிக்கிறா மேடம்?”

“நல்லா படிக்கிறா” என்றேன்.

“ஸ்கூலுக்கு ஒழுங்கா வாராளா?”

“ஒரு நாள் விடுறதில்ல” என்றேன். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. டீ வந்தது.